தோலும் இரும்பும்

குரோம்பேட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். 1912-ல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். கம்பெனி பெயர் பேட்டைக்கு வந்தது. பக்கத்தில் நாகல்கேணி, பம்மல் என்று தோல் ஷெட்டுகள் பரவின. பஸ் அந்தப் பக்கம் திரும்பினால் கைக்குட்டை தானாக மூக்குக்குப் போகும். 1996-ல் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றிக் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது தனிக் கதை.

இப்போது நான் சொல்ல வந்தது ஹெவி மெட்டல். சிரிக்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

1965, இங்கிலாந்தின் பர்மிங்காம். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனுக்குத் தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள். மறுநாளிலிருந்து கிடார்தான் பிழைப்பு என்று கனவு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், 'திரும்பப் போகலை' என்றான். அம்மா விடவில்லை, வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பினாள். போனான். இயந்திரம் வலது கையில் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோயிற்று. இடதுகைப் பழக்கக்காரன் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே வலதுதான்.

ஃபோர்மன் ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் அப்படி வாசித்தவர். பையன் பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்தான். அது தந்தியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட்டிலிருந்து தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினான். கவனியுங்கள், தோல்! வலி தாங்க மெல்லிய தந்தி போட்டான். பின்னால் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினான். மெட்டலின் அந்த இருட்டான, கனத்த சத்தத்தில் பாதி இந்தக் காயத்திலிருந்து வந்தது. அவர்கள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கொஞ்ச காலம் ஆட்டுமாட்டுத் தொட்டியில் வேலை பார்த்தவர்.

1970 பிப்ரவரியில் 'பிளாக் சபாத்' என்ற முதல் ஆல்பம் வந்தது. அநேகமாக ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். அதே வருஷம் வந்த 'பாரனாய்ட்'தான் உசத்தி என்பார்கள். என் ஓட்டு முதலாவதற்கே. மழை, மணி, பிறகு மூன்றே மூன்று சுரம். அதில் ஒரு தொழிற்பேட்டையின் ராத்திரி இருக்கிறது. 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் தந்தி இன்னும் தளர்ந்தது. அதை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், செல்போனில் கேட்டால் பாவம்.

நம்ம ஊர்ப் பறை இதற்கு நேர் எதிர். தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்கும். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சினால் தோல் இறுகி ஏறும். பம்மல் ஷெட்டில் பதப்படுத்திய தோல் இதற்கு உதவாது, செருப்புக்கும் பைக்கும் போகும். வாத்தியத்தில் பேசுவது பச்சைத் தோல்தான். மிருதங்கத்திலும் அதுவே, அதில் பசுத்தோலும் உண்டு. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் இதழியல் கல்லூரியில் நடந்தது. வாசிப்பவருக்குப் பொன்னாடை போடுகிறோம். தோலை உரித்து, ஊறவைத்து, இழுத்துக் கட்டுகிறவர் பெயரைச் சொன்னால் மட்டும் சபைக்குச் சங்கடம்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்தது. எலெக்ட்ரிக் கிடாருக்குப் பக்கத்தில் பறை, சட்டி, கானா. நம்மிடம் ராக் என்று சொல்லிக்கொண்டு வந்த பலதும் எனக்கு இங்கிலீஷ் பாட்டின் கார்பன் காப்பியாகவே பட்டது. இது அப்படியில்லை. ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஒலிப்பதிவில் பறையை ரொம்ப சமர்த்தாக உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் அது கிடாரை மிரட்டும். பதிவில் கிடாருக்கு வழிவிட்டு நிற்கிறது. அடுத்த ஆல்பத்தில் மைக்கைக் கொஞ்சம் கிட்டே வைக்கட்டும்.

பிளாக் சபாத்தின் நால்வரும் 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊர் பர்மிங்காமில், வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாளில் இறந்துபோனார். ஊரே தெருவில் நின்று வழியனுப்பியது. அந்த வீடியோவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பம்மல் மெயின் ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. நாலு பறை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.