ஆயாக் கொட்டகையில் தொங்கிய தூளிகள்



சிகாமட் பட்டணத்துக் கடைகளில் இந்நாளில் குழந்தையைத் தூங்க வைப்பதற்கென்று விற்கப்படும் பொருள்களுக்குக் குறைவில்லை. கம்பிச்சுருள் தொட்டில், மின்சாரத்தால் தானே ஆடும் தொட்டில், பஞ்சுத் தலையணை, கொசுவலைக் குடை, வயிற்று உப்புசத்துக்குப் புட்டி மருந்து என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறு நெருங்கிய வீடுகளில் எதை வாங்குவது, எதை விடுவது என்ற பேச்சு எழுவது இயல்பே. இதற்கு விடை தேட நம் தோட்டங்களின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டு முடிவுற்றது. சிகாமட், லாபிஸ் வழியாக ரயில் ஓடத் தொடங்கியபின் இப்பக்கத்துக் காடுகள் ரப்பர் தோட்டங்களாக மாறின. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தபோது குடும்பம் குடும்பமாகவே கூட்டி வந்தனர். ஆணும் பெண்ணும் மரம் வெட்டப் போனார்கள்.

ரப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். அதனால்தான் பொழுது புலருமுன் பெரட்டு. கைக்குழந்தையுள்ள தாய் என்ன செய்வாள்? தூங்குகிற பிள்ளையை இருட்டிலேயே தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போவாள். எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பாட்டிமாரைக் கேட்டால் இதை இன்றும் விவரமாகச் சொல்வார்கள்.

அந்தக் கொட்டகையில் விலை கொடுத்து வாங்கிய பொருள் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. உத்தரத்தில் கயிறு கட்டி, பழஞ்சேலையை மடித்துத் தொங்கவிட்ட தூளிகள் வரிசையாக இருக்கும். சிலர் இதை ஏணை என்பர். மலாய்க்காரர் வீடுகளில் சாரோங் துணியில் கட்டும் புவாயானும் ஏறக்குறைய இதேதான். மரம் வெட்டும் வயதைக் கடந்த ஓர் அம்மாள் ஆயாவாக இருப்பாள். ஒரு தூளியைக் கையாலும் மற்றொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டு, மூன்றாவது பிள்ளைக்குப் பாட்டும் பாடுவாள்.

தூளியில் பிள்ளை ஏன் தூங்குகிறது? தாயின் வயிற்றில் இருந்தபோது பழகிய அசைவும், சுற்றிலும் அணைத்த துணியின் கதகதப்பும் அங்கே கிடைக்கின்றன. சீராக ஆட்டுவது தூக்கத்தை விரைவில் கொண்டுவரும் என்பது வெறும் நம்பிக்கை அன்று. ஜெனீவா நகர ஆய்வாளர்கள் 2011இல் பெரியவர்களையே மெல்ல ஆடும் கட்டிலில் படுக்க வைத்துச் சோதித்தார்கள். ஆடாத கட்டிலில் படுத்ததைக் காட்டிலும் அவர்கள் சீக்கிரம் உறங்கிப் போனார்கள். நம் ஆயாமார் இந்தச் சோதனைக்குக் காத்திருக்கவில்லை!

ஆயினும் தூளியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது முறையாகாது. துணி வளைவதால் சிறு குழந்தையின் முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சு முட்டக்கூடும். துணி முகத்தை மூடலாம். புரளவும் எழுந்து உட்காரவும் கற்ற பிள்ளை தலைகுப்புற விழலாம். கொட்டகைத் தூளிக்கு இந்த ஆபத்துகள் எல்லாம் இருந்தன. அவற்றைத் தடுக்க அங்கே இருந்த காவல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவின் கண்தான். அந்தக் கண்ணுக்குப் பதிலாக எதையாவது விற்கும் முயற்சிதான் இந்தக் கதையின் மறுபாதி என்று நமக்குத் தோன்றுகிறது.

தாய் ஆலைக்குப் போகும் நாடுகளிலெல்லாம் இது நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் லேஸ் பின்னும் பெண்கள், பிள்ளை அழாதிருக்க ‘காட்பிரே’ என்ற சர்பத்தைப் புகட்டினார்கள். அதில் அபின் இருந்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்ற ‘வின்ஸ்லோ அம்மையார்’ மருந்தில் மார்பியா இருந்தது. அந்நாட்டு மருத்துவர் சங்கம் 1911இல் அதைக் குழந்தைக் கொல்லி என்ற தலைப்பின்கீழ்க் கண்டித்தது. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள் ‘பால கோலி’ என்ற அபின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பழிப்பது எளிது. வீட்டில் பார்க்க ஆளில்லாத தாய் வேறு என்னதான் செய்திருப்பாள்?

நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த கிரைப் வாட்டரும் அதே நாட்டிங்காம் நகரில் பிறந்ததுதான். வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1851இல் அதைத் தயாரித்தார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர் இவற்றோடு மதுச்சாரமும் அதில் சேர்ந்திருந்தது. அழுத பிள்ளை அமைதியானதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். பிரிட்டனில் 1992இல் மதுச்சாரத்தை நீக்கிவிட்டார்கள். இப்போது விற்பனையாகும் புட்டிகளில் எது வாங்கினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சளி மருந்தாகக் கிடைக்கும் புரோமெத்தசின் சர்பத்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்போரும் உண்டு. மூச்சு அடங்கிப் பிள்ளைகள் இறந்ததால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

நாட்டு மருந்தானால் கெடுதல் இல்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பை உரைத்துக் கொடுப்பது நம்மவர் பழக்கம். விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில் கட்டிகள் உண்டானதால், 1968லேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வயிறு நிறைந்தால் பிள்ளை தூங்கும் என்பது உண்மை. அதை வைத்தும் வியாபாரம் நடந்தது. மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று நம்பி, பிள்ளைகள் மெலிந்து சாவதை அவர் கண்டிருந்தார். அத்தகைய விளம்பரத்தைக் கொலையென்றே கருத வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் காதுபடச் சொன்ன துணிச்சல்காரர் அவர். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கு உலகளாவிய நெறிமுறை ஒன்று வர 1981வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாங்கிய காசுக்கு முழுப் பயன் தந்த பொருள் எது என்று கேட்டால், கொசுவலை என்போம். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து நோயைக் குறைத்தார். மேட்டு நிலத் தோட்டங்களிலோ தெளிந்த ஓடைகளில் வளரும் கொசு வேறு இனம். அங்கே போராட்டம் நீண்டது. காய்ச்சலில் உடம்பு கொதிக்கும் பிள்ளைக்கு எந்தத் தொட்டிலும் தூக்கம் தராதல்லவா? டிங்கிக் காய்ச்சல் உள்ள இக்காலத்தில், பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும்.

படுக்க வைக்கும் முறையிலும் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. மேல்நாட்டு மருத்துவர் பலர் ஒரு காலத்தில் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அது தவறென்று தெரிந்தபின் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கியது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

செலவு செய்து வாங்கியதில் வந்த துன்பத்தையும் கேளுங்கள். பிஷர் பிரைஸ் என்ற புகழ்பெற்ற கம்பெனி, சாய்ந்தவாறு தூங்க வைக்கும் ஒரு தொட்டிலை 2009 முதல் விற்றது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி வெளியானபின், 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற அறிவித்தது. 2022இல் அமெரிக்கா அவ்வகைச் சாய்வுத் தொட்டில்களையும், கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் சட்டத்தால் தடை செய்தது. அழகான பெட்டியும் அதிக விலையும் பாதுகாப்புக்குச் சான்று ஆகா.

எனவே கடைக்குப் போகிறவர்கள் முதலில் தட்டையான, அழுத்தமான மெத்தை ஒன்றைப் பாருங்கள். தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை இவை முதலாண்டில் வேண்டியதில்லை. நம் ஊர் வெக்கைக்கு மெல்லிய பருத்திச் சட்டையே போதும். கம்பிச்சுருள் தொட்டிலோ மின்தொட்டிலோ ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தாங்கும் எடையைப் பார்த்து, கொக்கியையும் சுருளையும் அடிக்கடி சோதித்து, பெரியவர் ஒருவர் விழித்து அருகில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். பிள்ளை தூங்கியதும் எடுத்து மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடலாம். இயந்திரம் ஆட்டும், பிள்ளையின் முகத்தை அது பார்க்காது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் தாமானுக்குப் போய்விட்ட இடங்களில் ஆயாக் கொட்டகையும் மறைந்துவிட்டது. ஆனால் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீடுகளோடு குழந்தைக் காப்பகங்களின் தரத்தையும் பேசுகிறது. கைக்குழந்தைகள் இன்னும் உள்ள தோட்டங்களில், காப்பகம் பற்றி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவர்கள் தொழிற்சங்கக் கிளைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். தொழிலாளர் இலாகாவிலும் விசாரிக்கலாம்.