எரிந்துபோன குறிப்புகளும் எம்.என்.சீனிவாஸும்

தேர்தல் வந்துவிட்டால் பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடைகளில் ‘ஓட்டு வங்கி’ என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. 1955-லேயே இதைத் தன் கட்டுரையில் பயன்படுத்தியவர் அரசியல்வாதி அல்ல, ஒரு சமூகவியல் அறிஞர்! அவர்தான் எம்.என்.சீனிவாஸ்.

1916-ல் மைசூரில் பிறந்தவர். பம்பாயில் ஜி.எஸ்.குர்யேயிடம் படித்து, பிறகு ஆக்ஸ்போர்டு சென்றார். அந்தக் காலத்தில் சாதி என்றால் பழைய நூல்களைப் புரட்டி, நான்கு வர்ணம் என்று எழுதிவிடுவார்கள். சீனிவாஸ் 1948-ல் மைசூர் அருகே ஒரு கிராமத்திலேயே போய்த் தங்கினார். தன் எழுத்தில் அதை ‘ராம்புரா’ என்று அழைத்தார்.

நூலில் இருந்தது வேறு, ஊரில் நடந்தது வேறு. சடங்குகளில் பிராமணர் மேலே இருந்தாலும், ஊர் வழக்கைத் தீர்த்தது நிலமும் ஆள்பலமும் கொண்ட ஒக்கலிகர் பெரியவர்கள். இப்படிப்பட்ட சாதியை அவர் ‘ஆதிக்க சாதி’ என்றார். கீழே வைக்கப்பட்ட சாதிகள் இறைச்சியையும் மதுவையும் விட்டு, மேல்சாதிப் பழக்கங்களை ஏற்று உயர முயல்வதை ‘சமஸ்கிருதமயமாதல்’ என்றார். சாதி அசையாத கல் அல்ல என்று காட்டியது இந்தக் கருத்து.

1959-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கினார். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்போர்டில், ராம்புரா பற்றிய நூலை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த இடி விழுந்தது. 1970 ஏப்ரல் 24 அன்று யாரோ வைத்த தீயில், 18 ஆண்டுகளாக ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன!

வேறு யாராயிருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். ‘நினைவிலிருந்தே எழுதுங்கள்’ என்றார் சோல் டாக்ஸ் என்ற மானுடவியலாளர். அப்படிப் பிறந்ததுதான் 1976-ல் வந்த ‘நினைவில் நின்ற கிராமம்’. புள்ளிவிவரங்கள் குறைந்தன, மனிதர்கள் உயிரோடு வந்தார்கள்.

குறையும் உண்டு. பிராமணரான அவர் மேல்சாதியினர் நடுவே தங்கியதால், தலித்துகளின் பார்வையில் ஊர் எப்படி இருக்கும் என்பது அதிகம் பதிவாகவில்லை. இதை அவரே ஒப்புக்கொண்டார்.

1999-ல் அவர் மறைந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் மறையவில்லை. நிலம் யாரிடம்? பஞ்சாயத்தில் யார் பேச்சு எடுபடுகிறது? யார் வாய் திறப்பதே இல்லை? வாணியாறு பாயும் ஊர்களிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பட்டம் வேண்டாம். எல்லாத் தெருவுக்கும் போகிற கால்கள் போதும்.