ராக் இதழ்களும் அவற்றின் எழுத்துருக்களும்

1960களின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராக் இசையின் எழுத்து என்றால் அது சுவரொட்டி எழுத்துதான். ஃபில்மோர் அரங்கின் நிகழ்ச்சிகளுக்காக வெஸ் வில்சன் வரைந்த சுவரொட்டிகளில், வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்து வடிவத்தைத் தழுவிய எழுத்துகள் உப்பியும் வளைந்தும் இடைவெளியின்றி நெருங்கி நின்றதால், யார் பாடுகிறார்கள் என்பதை அறியவே பார்ப்பவர் சற்று நின்று உற்றுநோக்க வேண்டியிருந்தது. ஆனால் 1967 நவம்பரில் அதே நகரில் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' இதழ், லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கென உருவாகி 1932இல் பயன்பாட்டுக்கு வந்த டைம்ஸ் ரோமன் எழுத்துருவை, அதாவது கோடுகளின் முனைகளில் செரிஃப் எனப்படும் சிறு நீட்சிகளைக் கொண்ட செய்தித்தாள் எழுத்தை, ஏற்றுக்கொண்டது. நிறுவனர் ஜான் வென்னர் முன்பு பணியாற்றிய 'சண்டே ராம்பார்ட்ஸ்' செய்தித்தாளின் பக்க அமைப்பு, கோட்டுச் சட்டங்கள் உட்பட, அப்படியே எடுத்தாளப்பட்டது என்பதே இதன் நடைமுறைக் காரணம். எனினும் விளைவு அந்த வசதியோடு நின்றுவிடவில்லை. அரசியல் செய்திக்குரிய மதிப்பு ராக் இசைக்கும் உண்டு என்ற உரிமைக்குரல் அந்த அடக்கமான எழுத்திலேயே ஒலித்தது. சுவரொட்டி மரபு, ரிக் கிரிஃபின் வரைந்த இதழ்ப்பெயரில் மட்டும் தங்கியது.

லண்டனில் 1980இல் நிக் லோகன் தொடங்கிய 'தி ஃபேஸ்' இதழின் போக்கு வேறு. 1981 முதல் 1986 வரை அதை வடிவமைத்த நெவில் பிராடி, தேய்த்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் எழுத்துத் தாள்களையும் தம் கையையும் நம்பியே பணியாற்றினார். தலைப்புகளுக்கென அவரே வரைந்த கூரிய வடிவியல் எழுத்துகளை விளம்பரத் துறை விரைவிலேயே நகலெடுத்தது. அதனால் சலிப்புற்றோ என்னவோ, அடுத்து வந்த 'அரீனா' இதழில் அவர் ஹெல்வெடிகா என்னும் அலங்காரமற்ற எழுத்துருவுக்குத் திரும்பினார்.

மெக்கின்டாஷ் கணினி பரவிய பின் கலிஃபோர்னியாவில் 1992இல் தோன்றிய 'ரே கன்' இதழில், சமூகவியல் ஆசிரியராகவும் அலைச்சறுக்கு வீரராகவும் இருந்த டேவிட் கார்சன் பத்திகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார், வரிகளைப் பக்க விளிம்பில் வெட்டினார். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணல் சுவையற்றிருப்பதாகக் கருதி, அதை முழுவதுமாக சாஃப் டிங்பேட்ஸில் அமைத்தார். ஹெர்மன் சாஃப் உருவாக்கிய இந்த எழுத்துருவில் எழுத்துகளே கிடையா, விண்மீன்கள், அம்புகள், கத்தரிக்கோல்கள் போன்ற குறிகளே உண்டு. வடிவமைப்பாளர் ஆசிரியர் குழுவின் இடத்தை எடுத்துக்கொண்டு கட்டுரைக்குத் தீர்ப்பு எழுதிய செயல் இது என்பதால், துணிச்சல் என்று புகழ்வதோடு இதை முடித்துவிட முடியாது. படிக்கக்கூடிய வடிவத்தை அதே இதழின் பின்பக்கங்களில் சேர்க்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு கார்சன் 'ரே கன்'னிலிருந்து விலகினார்.