கடலால் வந்த குதிரை

"குதிரைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்டால் அவரைக் குறை சொல்ல ஏலாது. மருதமுனையில இருந்து நிந்தவூர் வரைக்கும் கடற்கரையால நடந்து பாருங்க. தோணி இருக்கும், வலை இருக்கும், ஆடு மாடு மேயும். குதிரை இருக்காது. ஆனால் தமிழ் பேசியவர்களும், பிற்காலத்தில் முஸ்லிம் வணிகர்களும், கடல் வழியாகக் குதிரை கொண்டுவந்து விற்ற கதை இரண்டாயிரம் வருசத்துக்கும் மேல் பழையது. அந்தக் கதையில் நாங்கள் பெருமைப்பட இடம் இருக்கிறது. யோசிக்கவும் இடம் இருக்கிறது.

இலங்கையில் தொடங்குவோம். கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தில் அநுராதபுரத்தைப் பிடித்து 22 வருசம் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழரைப் பற்றி மகாவம்சம் சொல்கிறது. அவர்கள் யார்? கப்பலில் குதிரை கொண்டுவந்த ஒரு வியாபாரியின் மக்கள். நீதியாக ஆண்டார்கள் என்றும் அதே நூல் எழுதி வைத்திருக்கிறது. குதிரை வியாபாரம் சிங்காசனம் வரைக்கும் கொண்டுபோய் விட்ட தொழில்!

அக்கரையிலும் இதே கதைதான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடலால் வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர்தான் மாணிக்கவாசகர் ஆனார் என்பது சைவ மரபு. 13ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் விபரம் கணக்காகவே கிடைக்கிறது. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் பாண்டியனுக்கு வருசம் 1,400 குதிரை அனுப்ப உடன்பட்டார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து காசு. காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டவர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான்.

இவ்வளவு குதிரையும் எங்கே போனது? அதே நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ ஒரு பதில் சொல்கிறார். இங்குள்ள ஐந்து அரசர்கள் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள். வருசம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரியாததுதான் காரணமாம். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்கிறார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்கிறார்: குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் கூட்டி வருவதில்லை, வரவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

பிரயாணியின் எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஈரமும் வெக்கையும் கலந்த காலநிலை, மேய்ச்சல் நிலக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் விசயம் விளங்குகிறது. குதிரை வந்தது, குதிரையைப் பற்றிய அறிவு வரவில்லை.

அரபுக் குதிரை இன்னொரு திசையிலும் போனது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிலிருந்து மூன்று பொலிக்குதிரைகள் இங்கிலாந்துக்குப் போயின. இன்று உலகம் முழுக்க ஓடும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் தந்தை வழி அந்த மூன்றில்தான் போய் முடிகிறது. அது எப்படித் தெரியும்? எழுதி வைத்தார்கள். 1791இல் வம்சாவளிப் பதிவேட்டை அச்சிட்டே விட்டார்கள். ஜேர்மனியின் செல்லே நகரில் 1735இலேயே அரசாங்கக் குதிரைப் பண்ணை தொடங்கிவிட்டது. உழவுக்கும் யுத்தத்துக்கும் வளர்த்த அந்தக் குதிரைகளை, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துக் கலந்து விளையாட்டுக் குதிரைகளாக மாற்றினார்கள்.

அந்த விளையாட்டுகளில் ஒன்றுதான் டிரெஸ்ஸாஜ். 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமான மைதானத்தில், சத்தமில்லாமல், உடம்பின் சின்ன அசைவால் மட்டும் குதிரையை நடக்கவும் திரும்பவும் நின்ற இடத்தில் தாளம் போடவும் வைக்க வேண்டும். இதிலும் வாசலில் காவல் இருந்தது. 1952க்கு முன் ஒலிம்பிக்கில் இராணுவ அதிகாரிகள் மட்டுமே போட்டியிடலாம். 1948இல் தங்கம் வென்ற சுவீடன் அணி, அதில் ஒருவர் உண்மையில் அதிகாரி இல்லை, சார்ஜன்ட் என்று தெரிந்ததும் பதக்கத்தை இழந்தது. விதி மாறிய 1952இலேயே, போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார்.

எங்கள் பக்கத்துக்கு வெற்றி வர இன்னும் காலம் எடுத்தது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 வருசத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. அந்த அணியின் அனுஷ் அகர்வாலா 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கினார். கொல்கத்தாவில் பிறந்தவர், பதின்ம வயதிலேயே பயிற்சிக்கு ஜேர்மனி போனவர். பாரிசில் அவர் ஏறிய குதிரையின் பெயர் சேர் கரமெல்லோ ஓல்ட். கடைசியில் நிற்கும் 'ஓல்ட்', ஓல்டன்பர்க் என்ற ஜேர்மன் வம்சாவளிப் பதிவேட்டின் அடையாளம். இலங்கைக்கும் ஒருவர் உண்டு. இங்கே பிறந்து, கைக்குழந்தையாகத் தத்துக் கொடுக்கப்பட்டு ஐரோப்பாவில் வளர்ந்த மெத்தில்டா கார்ல்சன், டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையோடு தடை தாண்டும் போட்டியில் எங்கள் கொடியோடு நின்றார்.

அன்று குதிரை கடல் தாண்டி எங்களிடம் வந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் கடல் தாண்டிக் குதிரையிடம் போகிறார்கள். 700 வருசத்தில் மாறாதது ஒன்றுதான்: குதிரையை உருவாக்குகிற இடம் எங்களுடையதாக இல்லை.

நெடுந்தீவு மட்டும் விதிவிலக்காக வந்திருக்கலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள், ஆங்கிலேயர் காலத்திலும் கொஞ்சம் நடந்தது. லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் குதிரைகளின் வாரிசுகள் காட்டுக் குதிரைகளாய்த் திரிகின்றன. வரட்சி வந்தால் தண்ணியில்லாமல் சாகின்றன. பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

கல்முனையில் "நாங்க வியாபாரச் சமூகம்" என்று சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். உண்மைதான், கெட்டிக்கார வியாபாரிகள். ஆனால் வாங்கி விற்கிறவர் கையில் லாபம் நிற்கும். வளர்த்து, பிழை பார்த்து, எழுதி வைக்கிறவர் கையில்தான் அறிவு நிற்கும். காயலில் கைமாறிய பொன் எங்கே என்று இன்று யாருக்கும் தெரியாது. 1791இல் அச்சிட்ட அந்தப் பதிவேட்டுக்கு இன்றைக்கும் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. குதிரைக்கு மட்டும் பொருந்துகிற கணக்கா இது? எங்கட நெசவு, எங்கட வயல், எங்கட தோணி பற்றி யார் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?