எவரோடு எவரை ஒப்பிடுவது: இந்தோனேசியப் பள்ளிகளும் கூலிக் கணக்கும்

கூடப் படித்தவர் கூடச் சம்பாதிக்கிறார். இதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை, சம்பளப் பட்டியலைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அந்தக் கூடுதல் சம்பளம் படிப்பால் வந்ததா, அல்லது படிக்கவைக்கும் அளவுக்குக் குடும்பத்துக்கு இருந்த வசதியால் வந்ததா என்று கேட்டால்தான் பட்டியல் வாய் திறப்பதில்லை. கல்வியையும் வேலையையும் இணைத்துப் பார்க்கும் அளவுசார் ஆய்வுகள் பல இங்கேதான் தடுமாறுகின்றன. சூத்திரத்தைக் கடினமாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடாது. எவரோடு எவரை ஒப்பிடுவது என்பதைத் தீர்மானிக்க அந்த மண்ணின் நடப்பு தெரிந்திருக்க வேண்டும். இந்தோனேசியாவின் பள்ளிக்கூடக் கணக்கு இதற்குச் சரியான சான்று.

1973இல் எண்ணெய் விலை ஏறிக் கருவூலம் நிரம்பியபோது, அதிபர் சுகார்த்தோவின் அரசு நாடெங்கும் தொடக்கப்பள்ளிகள் கட்ட இறங்கியது. அதிபர் ஆணை என்பதன் சுருக்கமாக ‘இன்ப்ரெஸ்’ என்று அழைக்கப்பட்ட அத்திட்டத்தில், 1978-79க்குள் 61,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. பள்ளிக்கு மூன்று ஆசிரியர், 120 மாணவர் என்பது திட்டம். 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளில் பள்ளியில் சேர்ந்திருந்தோர் 1973இல் 69 விழுக்காடு. 1978இல் 83 விழுக்காடு.

பள்ளிகளைப் பங்கிட ஒரு விதி இருந்தது. 1972இல் பள்ளியில் சேராத பிள்ளைகள் எந்த மாவட்டத்தில் அதிகமோ, அந்த மாவட்டத்துக்கு அதிகப் பள்ளி. நியாயமான விதிதான். ஆனால் ஆய்வாளருக்கு அது ஒரு பொறி. நிறையப் பள்ளி பெற்ற மாவட்டத்தையும் குறைவாகப் பெற்ற மாவட்டத்தையும் நேருக்கு நேர் வைத்தால், பள்ளி கூடக் கூடப் படிப்பு குறைகிறது என்ற விபரீத முடிவு கிடைக்கும். பின்தங்கிய இடங்களுக்கே பள்ளிகள் போயின என்ற செய்தி அறியாதவர் அதை நம்பவும் கூடும்.

பொருளியலாளர் எஸ்தர் துஃப்ளோ 2001இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பொறியையே கருவியாக்கினார். 1974இல் 2 முதல் 6 வயதில் இருந்தவர்கள் புதுப் பள்ளிக்குப் போயிருக்க முடியும். 12 முதல் 17 வயதில் இருந்தவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. பள்ளிகள் நிறைந்த மாவட்டங்களில் மூத்தவர்களின் சராசரிப் படிப்பு 8.02 ஆண்டு, இளையவர்களுக்கு 8.49, ஏற்றம் 0.47. பள்ளிகள் குறைந்த மாவட்டங்களில் 9.40 என்பது 9.76 ஆனது, ஏற்றம் 0.36. இரண்டு ஏற்றங்களுக்கும் உள்ள இடைவெளி, தசமங்களைச் சுருக்காமல் கணக்கிட்டால், 0.12 ஆண்டு. ‘இரட்டை வேறுபாடு’ என்று பெயர் மிரட்டினாலும் மூன்று கழித்தல்தான்.

அந்த 0.12 தற்செயலாக வந்ததாக இருந்தால்? புதுப் பள்ளியால் எந்தப் பயனும் பெற்றிருக்க முடியாத இரண்டு தலைமுறைகளை, அதாவது 12-17 வயதினரையும் 18-24 வயதினரையும், அதே முறையில் கழித்துப் பார்த்தார். விடை 0.034, ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆள் இப்போது எங்கே வசிக்கிறார் என்பதை விட்டுவிட்டு, எந்த மாவட்டத்தில் பிறந்தார் என்பதையே அவர் கணக்கில் எடுத்தார். படித்தவன் ஊரில் தங்குவதில்லை, வேலை தேடி நகரத்துக்குப் போகிறான். வசிப்பிடத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால் கிராமத்துப் பள்ளியின் பலன் ஜகார்த்தாவின் பெயரில் வரவாகியிருக்கும்.

நான்கு சராசரிகள் மட்டும் புள்ளியியல் உறுதி தர மாட்டா. வயதுவாரியாக, மாவட்டவாரியாக விரித்தபின் கிடைத்த முடிவு இது: ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் படிப்பு 0.12 முதல் 0.19 ஆண்டு வரை உயர்ந்தது, கூலி 1.5 முதல் 2.7 விழுக்காடு வரை கூடியது. ஓராண்டுப் படிப்பின் பலன் 6.8 முதல் 10.6 விழுக்காடு என்றாகிறது.

இந்த எண்ணை எடுத்து எங்கும் ஒட்டிவிட முடியாது. ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களிலும் கூலி வாங்கியோர் பாதிக்கும் குறைவு. சொந்த வயலில் உழைத்தவருக்கு ஏது கூலிச் சீட்டு? துஃப்ளோவே 2004இல் இன்னொரு விளைவைக் காட்டினார்: படித்த இளைஞர்கள் பெருகிய இடங்களில் மூத்த தலைமுறையின் கூலி இறங்கியது.

பெண்களின் கதை இன்னும் தாமதமாகத்தான் வந்தது. சராசரியை மட்டும் பார்த்தால் இப்பள்ளிகள் பெண்கல்வியை அசைத்ததாகத் தெரியவில்லை. நாவா அஷ்ரஃப், நத்தாலி பாவ், நேதன் நன், அலெசாண்ட்ரா வொயேனா ஆகிய பொருளியலாளர்கள் 2020இல் அந்தச் சராசரியை இரண்டாகப் பிரித்தார்கள். மணமகன் வீட்டார் பரிசம் கொடுக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் பெண்களின் படிப்பு உயர்ந்திருந்தது, வழக்கம் இல்லாதவற்றில் உயரவில்லை. படித்த பெண்ணுக்குப் பரிசம் அதிகம் என்பதால், மகளைப் படிக்கவைப்பதில் பெற்றோருக்கு ஆதாயம் இருந்தது. எந்தச் சமூகத்தில் பரிசம் உண்டு என்ற விவரத்தை அவர்கள் மானுடவியலாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த இனவரைவியல் தொகுப்புகளிலிருந்து எடுத்தார்கள்.