ஜெனெட் முகாமில் ஒரு மீட்டிங்

ஞாயித்துக்கிழமை 'கிரிப் கேம்ப்' (2020) டாக்குமெண்டரி பார்த்தேங்க. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 1951-ல் ஆரம்பிச்ச ஜெனெட், மாற்றுத்திறனாளிகளுக்கான கோடைமுகாம். நீச்சல், பேஸ்பால், காதல் எல்லாம் உண்டு.

1971-ல் எடுத்த காட்சி ஒண்ணு. பேச்சு தெளிவா வராத ஒரு பொண்ணு, தனக்குன்னு தனிமையே கிடைக்காததைப் பத்தி சொல்றாங்க. நேரமாகுது. யாரும் குறுக்கே பேசலை. (ஆபீஸ் மீட்டிங்னா ரெண்டாவது செகண்டே நான் வாயைத் திறந்திருப்பேன்.)

அங்கே இருந்தவர்தான் ஜூடி ஹ்யூமன். அரசுப்பணம் வாங்குற இடங்கள்ல இவங்களை ஒதுக்கக்கூடாதுன்னு 1973-லயே சட்டப்பிரிவு 504 வந்தாச்சு. விதிமுறையில் கையெழுத்துதான் விழலை. 1977 ஏப்ரல்ல ஜூடியும் மத்தவங்களும் சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள்ள போய் உக்காந்துட்டாங்க. மூணு வாரத்துக்கு மேல! சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது பிளாக் பேந்தர்ஸ். கையெழுத்து விழுந்துச்சு.

பணமில்லாம ஜெனெட்டை மூடினதும் அதே 1977-லதான்.