குடிமராமத்து: ஊர் கூடி ஏரி வெட்டினது யாரு?

செஞ்சின்னு சொன்னாலே எல்லாருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம கோட்டைக்குப் போகல. அதே வட்டாரத்துல தொண்டூர்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அங்க ஒரு பாறையில சமண முனிவர்களுக்காக வெட்டின கல் படுக்கைகள் இருக்கு, பக்கத்துல தமிழ்-பிராமி எழுத்துல ஒரு கல்வெட்டும் இருக்கு. கி.பி. 3-ம் நூற்றாண்டுன்னு கணிக்கிறாங்க. அதுல இருக்கிறது ஒரே ஒரு வரி. இளங்காயபன்னு ஒருத்தர் சொல்ல, அகழூரோட அறமா, மோசிங்கிறவர் செஞ்ச படுக்கை இது.

அந்த ஒரு வரியில மூணு தரப்பு இருக்கு, கவனிச்சீங்களா? சொன்னது ஒருத்தர், அறம் ஒரு ஊருக்கு, உளி பிடிச்சது இன்னொருத்தர். உளி பிடிச்சவர் பேரும் கல்லுல இருக்கிறது ரொம்ப அபூர்வம். ஏன்னா, "ஊர் மக்களே சேர்ந்து செஞ்சாங்க"ன்னு நாம பெருமையா சொல்ற கதைகள்ல பெரும்பாலும் இந்த மூணாவது ஆள் காணாமப் போயிடுவார்.

அப்படி ஒரு கதைதான் குடிமராமத்து. செஞ்சிப் பக்கம் ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழ முடியாது, ஏரிதான் எல்லாம். பனமலையில பல்லவன் ராஜசிம்மன் கட்டின கோயிலுக்குக் கீழேயே பெரிய ஏரி விரிஞ்சு கிடக்கும். ஏரியை வெட்டிட்டா வேலை முடிஞ்சுடாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வரத்துக்கால் தூர் எடுக்கணும், கரையில விழுந்த ஓட்டையை அடைக்கணும், மதகைச் சரிபார்க்கணும், கலங்கல்ல அடைஞ்ச செடியை வெட்டணும். வீட்டுக்கு ஒரு ஆள்னு மண்வெட்டியோட வந்து இதைச் செய்யறதுதான் குடிமராமத்து. குடிகள் செய்யற மராமத்து. (மராமத்துங்கிறது அரபு, பாரசீகம் வழியா வந்த சொல். நம்ம "ஆதித் தமிழ் மரபு"க்கு வாய்ச்ச பேரைப் பாருங்க!)

அதுக்கு முன்னாடியும் இப்படி ஏற்பாடுகள் இருந்துச்சு. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் வருஷக் கல்வெட்டுகள் ஏரி வாரியம்னு ஒரு குழுவைப் பத்திப் பேசுது. 30 குடும்புகள், குடவோலை, 35 வயசுல இருந்து 70 வயசு வரைன்னு வரம்பு. கணக்குக் காட்டாதவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் உறுப்பினர் ஆக முடியாது. பிரமாதமான விதி அது. ஆனா கூடவே இன்னொரு விதியும் இருந்துச்சு: கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலமும், வேதப் படிப்பும் வேணும். அது பிராமணர்களோட ஊர்ச் சபை. பள்ளிக்கூடப் பாடத்துல முதல் விதியைப் படிச்சோம், ரெண்டாவதை வேகமாத் தாண்டிட்டோம்.

இப்போ கம்பெனி காலத்துக்கு வருவோம். நஞ்சை நிலத்துக்கு வரி அதிகம், அதனால ஏரி நிறைஞ்சா கஜானாவும் நிறையும். ஆனா ஏரிக்குச் செலவு பண்ண மட்டும் மனசு வரல. மதராஸ்ல பொதுப்பணிகளை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டாங்க. பராமரிப்பு எவ்வளவு மோசமா இருக்குன்னு அதுவே எழுதி வச்சிருக்கு. அப்புறம் வந்ததுதான் 1858-ம் வருஷக் கட்டாய வேலைச் சட்டம். கரை உடையற ஆபத்து வந்தா ஊராரைக் கட்டாயமா வேலைக்கு இழுக்கலாம். வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவர்கிட்ட அந்த உழைப்போட மதிப்பைப் போல ரெண்டு மடங்கு வசூலிக்கலாம். ஆளுங்க தானா முன்வந்து செய்யற வேலைக்கு எதுக்குங்க அபராதம்?

டேவிட் மாஸ்னு ஒரு மானுடவியலாளர், ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கத்து ஏரிகளை, அதாவது கண்மாய்களை ஆராய்ஞ்சு 2003-ல ஒரு புத்தகம் எழுதினார். ராஜாவும் ஜமீனும் இல்லாம, தன்னந்தனியா ஏரியைக் காத்த கிராம சமுதாயம்ங்கிற படமே பெரிய அளவுக்குக் காலனி அரசு வரைஞ்சதுன்னு வாதாடறார். "இது உங்க மரபு, நீங்களே பாத்துக்குங்க"ன்னா செலவு மிச்சம் இல்லையா? எனக்கு இந்த வாதம் முக்கால்வாசி சரின்னு தோணுது. மீதிக் கால்வாசி எதுக்குன்னா, ராத்திரி கரை உடையப் போகுதுன்னு தெரிஞ்சா ஊரே மணல் மூட்டையோட ஓடியிருக்கும். அதை எந்தச் சட்டமும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனா ஓடினவங்க எல்லாரும் சமம் இல்ல. பல ஊர்கள்ல மதகைத் திறந்து மூடி, வயல் வயலாத் தண்ணி பாய்ச்சின நீர்க்கட்டி தலித் சமூகத்தவர். அறுவடையில நெல்லுப் பங்குதான் கூலி. தண்ணியை அளந்து விடறது அவர் கை. எவ்வளவு விடணும்னு முடிவு பண்றது வேற ஆளுங்க.

பிறகு கிணறும் பம்ப்செட்டும் வந்துச்சு. 1990-ல விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தாச்சு. சொந்தக் கிணறு இருக்கிறவருக்கு வரத்துக்கால் எதுக்கு? ஏரியும் ரெண்டு கைக்குப் போச்சு. 40 ஹெக்டேருக்குக் கீழ பாசனம்னா ஊராட்சி ஒன்றியம், அதுக்கு மேலன்னா பொதுப்பணித்துறைன்னு அப்போ பிரிச்சிருந்தாங்க.

2017 மார்ச்ல காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்துல குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கினாங்க. முதல் கட்டமா 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு. அதைப் பணமா, பொருளா, உழைப்பா கொடுக்கலாம்னு இருந்துச்சு. டெண்டர் இல்லாம பாசன விவசாயிகள் சங்கம் கையில வேலை போச்சு. பல இடத்துல ஏரி உண்மையாவே ஆழமாச்சு. சில இடத்துல சங்கத்துப் பேருல ஒப்பந்ததாரர்களே வேலை பார்த்தாங்கன்னு புகாரும் வந்துச்சு. மண்வெட்டி எடுத்துட்டு வர ஆள் கம்மி. பெரும்பாலும் ஜேசிபிதான்.

சங்கத்துல உறுப்பினர் யாருன்னு பாருங்க. ஆயக்கட்டுல நிலம் இருக்கிறவங்க. ஏரியில மீன் பிடிக்கிறவர், துணி வெளுக்கிறவர், கரையில மாடு மேய்க்கிற அம்மா, நூறு நாள் வேலையில அதே கரைக்கு மண் சுமந்தவங்க... இவங்க பேருல பட்டா இல்லைன்னா அந்தப் பட்டியல்ல இவங்களுக்கு இடம் இல்ல.